ஐந்து புள்ளி மூன்று

அத்தியாயம் 11

கொட்டாரம் தாண்டி வயல்களுக்கு நடுவே கார் போய்க்கொண்டிருந்தபோது பெமிலா திடீரென்று, "நிறுத்துங்கோ ஏட்டையா!" என்றாள்.

சிவதாணு பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த மினிபஸ் ஹாரனை அலறவிட்டு ஒதுங்கிப் போனது.

"என்ன மக்ளே, கொலகாரன் குறுக்க வந்துட்டானா?"

"கிளீட்டஸ் வெளிய வாறதுக்கு ஒரு வழி வந்திருக்கு."

அவள் மடியில் நான்கு தாள்கள் இருந்தன. வக்கீல் மூலம் வந்த போலீஸ் ஆவணங்களின் நகல். இரண்டு நாளாக அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவை அவளைத் திருப்பிப் பார்த்தன.

பெமிலா பன்னிரண்டு வருடம் கத்தாரில் ஓர் எரிவாயு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் என்ஜினீயராக இருந்தவள். அங்கே கெட்டுப்போன கருவிகளை விசாரித்தாள். இப்போது நாகர்கோவிலில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்து, கெட்டுப்போன மனிதர்களை விசாரிக்கிறாள். சிவதாணு சுசீந்திரத்துக்காரர். போலீஸில் ஏட்டாகி, ஏட்டாகவே ஓய்வு பெற்றவர். அவளுக்கு டிரைவர், மெய்க்காப்பாளர், உதவியாளர். "மூணு வேலைக்கும் சேத்து எனக்கு ஒரே வாய்தான்" என்பார். அந்த வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

வழக்கு இதுதான். இருபத்திரண்டு நாளுக்கு முன்னால், கடலோரத்தில் இருக்கும் ஒரு மீன் பதனிடும் ஆலையில் அமோனியா கசிந்தது. மீனை உறைய வைக்கும் எந்திரங்களில் ஓடுகிற வாயு அது. காலை 10.31க்கு எந்திர அறையில் குழாய் இணைப்பு விட்டது. 10.50க்கு வாயு இறால் உரிக்கும் கூடத்துக்குள் நுழைந்தது. இடையில் பத்தொன்பது நிமிடம் இருந்தது. அந்தப் பத்தொன்பது நிமிடமும் சைரன் வாயைத் திறக்கவில்லை. இருபத்து மூன்று வயது பிரிஜா கதவுக்கு நாலடி முன்னால் விழுந்து இறந்தாள். இரண்டு பெண்களுக்குக் கண் போனது.

கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் கிளீட்டஸ் இப்போது சிறையில். அவர் மனைவி செசிலிதான் பெமிலாவைத் தேடி வந்தவள். "அவரு கேபிளப் பிடுங்கல்ல. அத மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்காராமலே திரும்பிப் போனாள். ஜாமீன் மனு இன்று மூன்று மணிக்கு. இப்போது மணி பத்தரை.

"இந்த வரியப் பாருங்கோ" என்று பெமிலா விரலை வைத்தாள். "'10.31 முதல் 10.52 வரை இன்புட் கார்டு தொடர்பு இழப்பு.' கம்பெனிக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தது. இத வச்சுத்தான், கிளீட்டஸ் கேபிளப் பிடுங்கிப் போட்டான், அதனால சைரன் அடிக்கலண்ணு போலீஸ் எழுதியிருக்கு."

"இன்புட் கார்டுண்ணா என்ன சாதனம்?"

"உங்க ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி. ஊர்ல நடக்க எல்லாம் ரைட்டர் மேசைக்கு வரும். அவரு எழுதி இன்ஸ்பெக்டருக்குச் சொல்லுவாரு. அதுபோல, சென்சாருவ எல்லாம் கார்டுகிட்டச் சொல்லும். கார்டு ஒரு கேபிள் வழியா கண்ட்ரோலருக்குச் சொல்லும். கண்ட்ரோலருதான் சைரன் அடிக்கும்."

"எங்க ரைட்டரு பாதி எழுதவே மாட்டாரு."

"லீவு போட்டா?"

"ஸ்டேஷனே நின்னுரும். ஒரு கேசும் நகராது."

"சரி. இந்த ரைட்டரு 10.31ல இருந்து 10.52 வர லீவுண்ணு கம்பெனி சொல்லுது. குளிர் அறைக்க சென்சாரும் இதே கார்டுலதான் இருக்கு. இந்தத் தாள்ல அதுக்க அளவப் பாருங்கோ. 10.35க்கு மைனஸ் பதினெட்டு புள்ளி ரெண்டு. 10.40க்கு மைனஸ் பதினேழு புள்ளி ஒம்பது. 10.45க்கு மைனஸ் பதினெட்டு புள்ளி நாலு. ரைட்டரு லீவுல இருக்கும்போ இதெல்லாம் யாரு எழுதினது?"

சிவதாணு விசில் அடித்தார். "அப்பம் தொடர்பு போகவே இல்ல! எவனோ பொறவு உக்காந்து அந்த ஒத்த வரியத் தட்டியிருக்கான். தாளத் திருத்தத் தெரிஞ்சவனுக்கு அடுத்த தாளத் திருத்த ஓர்மை இல்லாமப் போச்சு."

"மானேஜர் முருகதாஸத் தவிர அந்தக் கம்ப்யூட்டர்ல எழுத வேற யாருக்கும் அனுமதி கிடையாது."

"வண்டியத் திருப்பட்டா? நேர கோர்ட்டு?"

பெமிலாவின் விரல் இப்போது வேறொரு பத்தியில் இறங்கிக்கொண்டிருந்தது. அமோனியா அளவு. 10.20க்கு 5.3. 10.31க்கு 5.3. பிரிஜா விழுந்த 10.50க்கும் 5.3.

"கார்டு உயிரோட இருந்திருக்கு" என்றாள் மெதுவாக. "அப்படீண்ணா அதுகிட்டச் சொன்னதே பொய். செத்த சென்சாருண்ணா பூஜ்யம் காட்டும், இல்லேண்ணா கோளாறுண்ணு கத்தும். உயிரோட இருக்க சென்சாரு கொஞ்சமாவது நடுங்கும். இது ரெண்டும் இல்ல. ஆலைக்கு விடுங்கோ ஏட்டையா."

ஆலை வாசலிலேயே மீன் வாடையும் குளோரின் வாடையும் எதிர்கொண்டன. ஆலை மறுபடி திறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. முருகதாஸ் ஐம்பதை நெருங்கும் மனிதர், தூங்காத முகம். பார்வையிட அனுமதிக்கும் கோர்ட் உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ட்ரோல் ரூமைத் திறந்துவிட்டார். மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், ஏசி குளிரில் ஒரு திரை. ஒரு மூலையில் இரும்பு அலமாரி மாதிரி பேனல்.

பெமிலா பேனலைத் திறந்தாள். இன்புட் கார்டின் நெற்றியில் பச்சை விளக்கு. பேச்சு நடக்கிறது. அமோனியா சென்சாருக்குரிய இடத்திலும் பச்சை. வயர் அறுந்திருந்தால் அங்கே சிவப்பு எரியும். சைரன் தானாக அடிக்கும்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றார் முருகதாஸ். "அம்பது தாண்டினா சைரன். இப்போ அஞ்சு சொச்சம். மூக்குக்கே தெரியாத அளவு."

திரையில் 5.3.

பெமிலா கைப்பையிலிருந்து ஒரு சிறிய பாட்டிலையும் கிழிந்த பனியன் துணியையும் எடுத்து சிவதாணுவிடம் கொடுத்தாள். "கெமிக்கல் கடையில வாங்கினது. அமோனியாத் தண்ணி. கீழ எந்திர அறையில, சுவர் உச்சியில சென்சார் இருக்கும். ஏணி வச்சு ஏறி, துணிய நனைச்சு அதுக்க வாய்கிட்டப் பிடியுங்கோ. போன ஆன்ல வையுங்கோ."

"முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல நான் ஏணி ஏறினது ஒரே ஒரு மட்டம். அதுவும் திருடன் மேல இருந்து எறங்க மாட்டேண்ணு அடம் பிடிச்சதுனால" என்று முனகிக்கொண்டே அவர் போனார்.

இரண்டு நிமிடம் கழித்து போனில் இருமல் வெடித்தது.

"மக்ளே... வச்சாச்சு. எனக்க அப்பன் செத்தப்பகூட நான் இவ்வளவு கரையல்ல. சைரன் அடிச்சுதா?"

திரையில் 5.3.

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

"இதுக்கு மேல கிட்ட வச்சா சென்சாருக்கு வாய்க்கரிசி போட்ட மாதிரி இருக்கும்!"

5.3. கடைசி இலக்கம்கூட அசையவில்லை.

"எறங்கி வாங்கோ ஏட்டையா." பெமிலா முருகதாஸின் பக்கம் திரும்பினாள். "மனுஷன் அழுகாரு. மிஷின் அழல்ல. ஏன் சார்?"

அவள் கீழே இருந்து வரும் வயர்களை விரலால் பின்தொடர்ந்தாள். சென்சாரிலிருந்து வந்த இரண்டு வயர்களும் கார்டைத் தொடாமல், நுனியில் டேப் சுற்றி, பேனலின் பக்கவாட்டில் ஒளிந்திருந்தன. அவை சேர வேண்டிய திருகுகளில், மிளகு அளவில், வண்ணக் கோடு போட்ட ஒரு சிறு ரெசிஸ்டர் உட்கார்ந்திருந்தது.

"சென்சாரு அனுப்ப வேண்டிய கரண்ட இது அனுப்புது. எப்பவும் ஒரே அளவு. கார்டுக்கு வித்தியாசம் தெரியாது. ஊரே தீப்பிடிச்சாலும் அஞ்சு புள்ளி மூணுண்ணு எழுதிட்டே இருக்கும்." அவள் குரல் உயர்ந்தது. "ஒரு பிள்ள செத்து மூணு வாரம்தான் ஆகுது. கீழ இப்பவும் எழுபது பொம்பிளைய வேல செய்யுதாவ!"

முருகதாஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தச் சென்சாரு கடக்காத்துல அரிச்சுப்போச்சு மேடம். காரணமே இல்லாம அடிக்கும். புதுசு கேட்டு ஏழு மெயில் போட்டாச்சு. முதலாளி, வருது வருதுண்ணு சொல்லுகாரு. போன வாரம் திறந்தப்ப பழசத்தான் மாட்டினேன். ரெண்டு நாள்ல ஒம்பது மட்டம் அடிச்சுது. அதுக்குப் பொறவுதான் இத வச்சேன். வச்சது நான்தான். இல்லேண்ணு சொல்லல்ல."

கதவைத் தள்ளிக்கொண்டு சிவதாணு வந்தார். கண் இரண்டும் கொவ்வைப்பழம்.

"தொடர்பு போச்சுண்ணு பொய் எழுதினதும் நீருதானா வே?" என்றார்.

"நான்தான்." முருகதாஸ் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தார். "ஆனா நான் வச்சது ரெண்டாவது. முதல்ல இருந்தது இது. அன்னைக்கு ஆம்புலன்ஸ் போன பொறவு பேனலத் திறந்து பாத்தேன். அதுவரைக்கும் சத்தியமா எனக்குத் தெரியாது."

கவருக்குள் அதே மிளகு. ஆனால் அதன் கால்களைச் சுற்றிப் பச்சை நைலான் நூல் கட்டியிருந்தது.

சிவதாணு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "இது வலை பின்னுகவன் போடுக முடிச்சுல்லா. இழுக்க இழுக்க முறுகும்."

பெமிலா பேனலை மறுபடி பார்த்தாள். மற்ற ஆலைகளில் வயர்க் கட்டுகளை பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குவார்கள். இங்கே மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டும் பச்சை நூலால், அதே முடிச்சில், அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

"இந்தப் பேனலைக் கட்டினது யாரு?" கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"கிளீட்டஸ். அவனுக்க அப்பன் வலைக்காரன்" என்றார் முருகதாஸ். "நான் ஏன் அப்படி எழுதினேண்ணு கேளுங்க. தொடர்பு போச்சுண்ணு எழுதினா மிஷினுக்க தப்புண்ணு போகும், எனக்கும் கேசு வராது, அவனுக்கும் வராதுண்ணு நெனச்சேன். அவன் கேபிளப் பிடுங்கினான்னு போலீஸ் முடிச்சுப் போடும்ண்ணு நான் கண்டேனா? இப்போ நீங்க கோர்ட்டுல போய், தொடர்பு போகல்ல, அது பொய்யிண்ணு நிரூபிப்பீங்க. அடுத்த கேள்வி என்ன வரும்? பின்ன ஏன் சைரன் அடிக்கல? அதுக்குப் பதில் இந்தக் கவருல இருக்கு."



பெமிலா தொழிற்சாலை ஆய்வாளரின் எண்ணுக்குப் போன் செய்தாள். அவர் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் இருந்தார். முழுவதும் கேட்டார். எழுதி மெயில் போடச் சொன்னார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். இன்று வியாழன்.

அவள் போனை வைத்தாள். பேனலுக்குள் கையை விட்டு, திருகைத் தளர்த்தி, ரெசிஸ்டரைப் பிடுங்கினாள்.

கார்டில் சிவப்பு எரிந்தது. அடுத்த நொடி ஆலை முழுவதும் சைரன் அலறியது.

கீழே கூடத்திலிருந்து பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். ஓடவில்லை. ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக நடந்து வந்து, மதிலோரம் வெயிலில் நின்றார்கள். பெமிலா படியிறங்கி அவர்களை நோக்கி ஓடினாள். சிவதாணு பின்னால் வந்தார்.

"உள்ள போகாதீங்கோ! அமோனியா சென்சாரு வேலை செய்யல்ல. பொய்யான ஒண்ண மாட்டி வச்சிருக்காவ. வாயு வந்தா இந்தச் சைரன் அடிக்காது!"

ஒருத்தியும் பதறவில்லை. லீமா என்ற வயதான தொழிலாளி, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தபடி கேட்டாள்.

"நீயா மக்கா இத அடிக்க வச்சது?"

"ஓம். நான்தான்."

"எதுக்கு?"

"சொன்னேன்லா, அது..."

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் லீமா. குரலில் கோபம்கூட இல்லை. "தெரிஞ்சுதான் வாறோம். மேசையில நாலு கூடை றால் கிடக்கு. நீ கத்த வச்சதுல அது அழியும். உரிச்ச எடைக்குத்தான் எங்களுக்குக் கூலி. உன்னாலயா எடை குடுக்க முடியும்?"

அப்போதுதான் பெமிலா வரிசையின் கடைசியில் நின்றவளைப் பார்த்தாள். தலையில் வலைத் தொப்பி. கையில் ரப்பர் கையுறை. செசிலி.

"செசிலியக்கா! நீங்க இங்க வேலைக்கு வாறதச் சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கல்லியே" என்றாள் செசிலி. "வேற எங்க போவேன்?"

பெமிலா அவளை மதில் நிழலுக்கு அழைத்துப் போனாள். சைரன் சத்தத்தில் காதருகே குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பச்சை நூலு கட்டின சாதனம் ஒண்ணு மானேஜருகிட்ட இருக்கு. வச்சது உங்க வீட்டுக்காரருதானா?"

செசிலி நிமிர்ந்து பார்த்தாள். "வச்சது அவரு. வைக்கச் சொன்னது நான்."

"ஏன்க்கா?"

"மார்ச் மாசம் ஒரே நாள்ல பதினோரு மட்டம் அடிச்சுது. ஒவ்வொரு மட்டமும் இப்படி வெளிய வந்து நிக்கணும். வாடையும் கிடையாது, வாயுவும் கிடையாது, சும்மா அடிக்கும். உள்ள றால் அழியும், எடை குறையும். எல்லாவளும் எனக்க முகத்தப் பாப்பாளுவ. உனக்க மாப்பிளைக்க கையிலதானே அந்த மிஷின் இருக்குண்ணு கேப்பாளுவ. பிரிஜாவும் கேட்டா. 'அண்ணங்கிட்டச் சொல்லுங்கக்கா'ண்ணு. அவரு மாட்டவே மாட்டேண்ணாரு. நான் ஒரு வாரம் அவருகிட்டப் பேசாம இருந்தேன். எட்டாம் நாளு, செஞ்சாச்சு, இனி பேசுண்ணு சொன்னாரு."

அவள் கையுறையின் நுனியை இழுத்து இழுத்து விட்டாள்.

"வச்ச பொறவு அவருக்கு ஒறக்கமே இல்ல. அரைமணிக்கொருக்க கீழ எறங்கிப் போயி, குழாய் குழாயா மூக்க வச்சு மோந்து பாப்பாரு. மிஷினுக்குப் பதிலா நான் இருக்கேன்லாண்ணு சொல்லுவாரு. எட்டு மாசம் ஒரு மட்டம்கூட விடல்ல."

"அன்னைக்கு?"

"பத்தேகாலுக்கு லாரி வந்துது. சரக்கு ஏத்துக எடத்துல கதவு சிக்கிப்போச்சுண்ணு அவர விளிச்சாவ. அத நேராக்கிட்டுத் திரும்பி வரும்போ, பிரிஜாவத் தூக்கிட்டு எதுக்க வந்தாவ."

சிவதாணு கொஞ்ச தூரத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத ஏன் அவரு போலீஸ்ல சொல்லல்ல?"

"சொன்னா, எதுக்கு வச்சேண்ணு கேப்பாவ. எனக்க பேரு வரும்லா."

"பின்ன எதுக்கு என்ன விளிச்சிய?"

"கம்பெனி சொன்னது பொய்யிண்ணு எனக்குத் தெரியும். அவரு கேபிளப் பிடுங்கல்ல. அந்த ஒண்ண நீங்க கண்டுபிடிச்சா போதும், விட்டிருவாவண்ணு நெனச்சேன். வெளிய வருவாரா?"

பெமிலாவிடம் இரண்டு வழிகள் இருந்தன. மூன்று மணிக்கு வாயைத் திறக்காவிட்டால், செய்யாத தப்புக்காகக் கிளீட்டஸ் உள்ளே இருப்பார். திறந்தால், முருகதாஸும் உள்ளே போவார். கிளீட்டஸோ, தான் செய்த தப்புக்காக உள்ளே இருப்பார். அது இன்னும் நீளமான தண்டனை.

"இல்லக்கா" என்றாள். "எப்படிப் போனாலும் இப்போ வரமாட்டாரு."

செசிலி தலையசைத்தாள்.

திடீரென்று சைரன் நின்றது.

பெமிலா தன் கையைத் திறந்து பார்த்தாள். பிடுங்கிய ரெசிஸ்டர் உள்ளங்கையில்தான் இருந்தது. அது ஒரே காகிதப் பட்டையில் பத்துப் பத்தாகக் கடையில் கிடைக்கிற சாதனம். மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், முருகதாஸ் பேனல் கதவை மூடிக்கொண்டிருந்தார்.

"போய் அவனுக்க கையப் பிடிச்சு முறிக்கட்டா மக்ளே?" என்றார் சிவதாணு.

"முறிச்சா கம்பெனி வேற கை வாங்கும் ஏட்டையா."

பெண்கள் ஏற்கெனவே திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். கதவில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கி, ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. லீமா வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"ஏட்டி செசிலி, வாறியா இல்லியா?"

செசிலி கூடத்தைப் பார்த்தாள். பிறகு கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மதில்மேல் வைத்தாள். தொப்பியையும் கழற்றினாள்.

"நானும் வாறேன்" என்றாள் பெமிலாவிடம்.

"எங்க?"

"கோர்ட்டுக்கு. நான் சொல்லித்தான் செஞ்சாருண்ணு சொல்லணும். பிரிஜாக்க அம்மை அங்க வந்திருப்பா. தெனமும் வாறா. ஏன் மணி அடிக்கல்லண்ணு கேட்டுட்டே இருக்கா. அவளுக்கு ஒரு பதில் வேணும்."

"நீங்க சொன்னா உங்களயும் பிடிச்சு வைப்பாவ. அவருக்கு அதனால ஒரு நாளுகூடக் குறையாது."

"குறையாண்டாம். ஒத்தைக்குக் கிடக்காண்டாம், அவ்வளவுதான்."

சிவதாணு போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். இருக்கையில் கிடந்த பழைய பேப்பரையும் குடையையும் எடுத்து முன்னால் போட்டு இடம் செய்தார். செசிலி பூட்ஸோடு ஏறினாள். வீட்டுக்குப் போய்ச் செருப்பு மாற்ற நேரமில்லை.

கார் நகர்ந்தபோது பெமிலா திரும்பிப் பார்த்தாள். கூடத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தாள். மதில்மேல் இருந்த கையுறைகளை எடுத்து, தனக்கு அளவு சரிதானா என்று பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்டே உள்ளே போனாள்.